ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குப் பழைய வைட் ஆங்கிள் ஜூம் வாங்கப் போகிறீர்களா?

செகண்ட் ஹேண்ட் வைட் ஆங்கிள் ஜூம் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது முன்கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்பதைத்தான். சின்னக் கீறல் பெரும்பாலும் படத்தில் தெரியாது. ஒருமுறை கீழே விழுந்து உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்துபோன லென்ஸ்தான் ஆபத்து. வெளியே பார்த்தால் புத்தம் புதிது மாதிரி இருக்கும். படத்தின் நடுவும் கூர்மையாக இருக்கும். ஒரு மூலை மட்டும் மங்கலாக விழும். விற்பவர் வீட்டு வாசலில் நின்று கேமரா திரையில் பார்த்தால் இது கண்ணில் படாது. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கும்போது தெரியும், அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

இந்த அலைச்சல் எல்லாம் பட்டபிறகு எழுதுகிறேன். நான் வைத்திருப்பது கேனான் 6டி என்பதால் உதாரணங்கள் கேனான் பக்கம் சாய்ந்திருக்கும். நிக்கான், சோனி வைத்திருப்பவர்களுக்கும் சோதனைகள் அதேதான்.

1. வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள்

வைட் ஆங்கிள் எல்லோருக்கும் வேண்டும் என்று தோன்றும். உண்மையில் எல்லோருக்கும் வேண்டியதில்லை. 35 மி.மீ.யில் மூலைக்கு மூலை பார்வைக் கோணம் 63 டிகிரி. 24இல் 84, 16இல் 107. உங்களிடம் ஏற்கெனவே 24-70 மி.மீ. லென்ஸ் இருந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்குவது 24க்கும் 16க்கும் நடுவில் இருக்கும் அந்த 23 டிகிரியைத்தான்.

கல்யாண மேடையில் குடும்பப் படம் எடுக்கத்தான் இந்த லென்ஸ் என்று நினைத்திருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். 16இல் எடுத்த குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா இரண்டு மடங்கு அகலமாகத் தெரிவார். ஆல்பம் வந்ததும் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். குரூப்புக்கு 28, 35 பக்கம் போதும். மண்டபத்தின் முழு அலங்காரம், கோயில் கோபுரத்தை அடியில் நின்று எடுப்பது, சின்ன அறைகளின் உட்புறம், இரவு வானம், இவற்றுக்குத்தான் 16, 17, 20 வேலைக்கு ஆகும்.

வாடகைக் கடைகள் அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்கும். கொடுத்து எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். பிறகு படங்களின் தகவலில் எந்த ஃபோக்கல் லெங்த் (அந்த மி.மீ. எண்) அதிகம் வந்திருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் 24, 28 என்று இருந்தால் உங்கள் பணம் மிச்சம்.

2. பெயரில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விளம்பரத்தில் 10-18 என்று ஒரு லென்ஸ் இருக்கும், விலையும் பாதியாக இருக்கும். 16-35ஐ விட இது இன்னும் அகலமாயிற்றே என்று தோன்றும். அது கிராப் சென்சார் லென்ஸ். ஃபுல் ஃபிரேம் என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார், அதைவிடச் சின்னது கிராப். கேனான் கிராப் கேமராவில் அந்த 10-18 தருவது, ஃபுல் ஃபிரேமில் 16-29 தரும் அதே கோணத்தைத்தான்.

கேனானில் இஎஃப்-எஸ் என்றால் கிராப். 6டி, 5டி வரிசையில் அது மாட்டவே மாட்டாது. ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் (உள்ளே ஆடி இல்லாத புதிய வகைக் கேமரா) அடாப்டர் என்ற இடை வளையம் போட்டால் மாட்டும். ஆனால் கேமரா படத்தை நறுக்கிவிடும், 20 மெகாபிக்சல் ஏழெட்டாகச் சுருங்கும். நிக்கானில் டிஎக்ஸ் என்பது கிராப். ஃபுல் ஃபிரேம் பாடியில் மாட்டும், ஆனால் 24 மெகாபிக்சல் பத்தாகிவிடும். சோனியில் எஃப்இ என்று இருக்க வேண்டும், வெறும் இ என்றால் கிராப். சிக்மாவில் டிஜி ஃபுல் ஃபிரேம், டிசி கிராப். டாம்ரானில் டிஐ ஃபுல் ஃபிரேம், டிஐ 2 கிராப். டிஐ 3 என்பது மிரர்லெஸ்ஸுக்கானது. அதில் இரண்டு வகையும் உண்டு என்பதால் மாடலைத் தனியாகப் பார்க்க வேண்டும். டோக்கினா 11-16 ஊரெல்லாம் கிடைக்கும், அதுவும் கிராப்தான். கேனான் ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் 16ஐ ஒட்டித்தான் ஒழுங்காக இருக்கும், அதற்குக் கீழே போனால் மூலைகள் கறுத்துவிடும்.

அடாப்டர் பற்றி ஒரு வார்த்தை. இஎஃப் லென்ஸ்கள் (6டி, 5டி போன்ற கேமராக்களுக்கானவை) கேனானின் சொந்த அடாப்டரில் ஆர் வரிசையில் நன்றாகவே ஓடும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில், உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் வராது. லென்ஸ் விலையோடு அடாப்டர் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. எந்த லென்ஸ்?

எஃப்/2.8 வேண்டுமா, எஃப்/4 போதுமா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இது அபெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் இருக்கும் திறப்பின் அளவு. எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம் நுழையும். இருட்டு மண்டபத்தில் அசையும் ஆட்கள், நட்சத்திரங்கள் என்றால் 2.8. கட்டடம், இயற்கைக் காட்சி, ஊர் சுற்றல் என்றால் 4 போதும். எடையும் குறையும், பணமும் மிஞ்சும்.

கேனானில் மலிவானது 2003இல் வந்த 17-40 எஃப்/4 எல். 77 மி.மீ. ஃபில்டர், சுமார் அரைக் கிலோ. எஃப்/4இல் அதன் மூலைகள் சாஃப்ட்டாகத்தான் இருக்கும், அது அந்த லென்ஸின் சுபாவம். எஃப்/11இல் சரியாகிவிடும். முக்காலி வைத்துக் கோபுரமும் கடலும் எடுப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. 2014இல் வந்த 16-35 எஃப்/4 எல் ஐஎஸ் வேறு ரகம். திறந்த அபெர்ச்சரிலேயே மூலைவரை நன்றாக இருக்கும், ஐஎஸ் என்ற ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்தையும் சமாளிக்கும். 6டி மாதிரி பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லாத கேமராவுக்கு என் ஓட்டு இதற்குத்தான். 2007இன் 16-35 எஃப்/2.8 எல் 2 இப்போது விலை இறங்கியிருக்கிறது என்று பலர் தாவுகிறார்கள். அதன் ஃபில்டர் அளவு 82, ஓரங்களில் எஃப்/4 ஐஎஸ் அதைவிட நன்றாக இருக்கும். 2.8 கட்டாயம் வேண்டுமென்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

நிக்கானில் 14-24 எஃப்/2.8 பெயர் பெற்றது. ஒரு கிலோ எடை, முன்கண்ணாடி வெளியே புடைத்துக்கொண்டிருக்கும், சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. அந்தக் கண்ணாடியில் அடிபட்டால் செலவு பயங்கரம். 16-35 எஃப்/4 விஆர் (ஐஎஸ்ஸுக்கு நிக்கான் வைத்த பெயர்) நடைமுறைக்கு ஏற்றது, ஆனால் 16இல் நேர்கோடுகள் நன்றாகவே வளையும். 385 கிராம் எடையுள்ள 18-35 எஃப்/3.5-4.5 ஜி-யை யாரும் அதிகம் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதன்மேல் நல்ல மதிப்பு உண்டு. சோனியில் டாம்ரான் 17-28 எஃப்/2.8 (2019, 67 மி.மீ. ஃபில்டர், 420 கிராம்), சிக்மா 16-28 எஃப்/2.8 (2022, 72 மி.மீ., 450 கிராம்) இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் சேர்க்கலாம். சோனியின் பழைய 16-35 எஃப்/4 ஜைஸ் (Zeiss) லென்ஸ் பீஸுக்குப் பீஸ் வேறுபடும் என்று பேச்சு உண்டு. அதை வாங்கினால் கீழே சொல்லும் மூலைச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டு பழைய மாடல் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, “இந்த மாடலை இன்னும் ரிப்பேருக்கு எடுக்கிறீர்களா, பார்ட்ஸ் வருகிறதா?” என்று கேளுங்கள். பார்ட்ஸ் நின்றுபோன லென்ஸில் மோட்டார் போனால் அதோடு கதை முடிந்தது.

4. எப்போது வாங்குவது, என்ன விலைக்கு?

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. தொழில்முறைப் போட்டோகிராஃபர்கள் கையிலிருப்பதை விற்று மாற்றிக்கொள்வதற்கு அந்த மாதங்கள் தோது. பேரம் பேசவும் நேரம் இருக்கும். ஆவணி, தை பிறந்துவிட்டால் ஆளைப் பிடிப்பதே கஷ்டம். அவசரம் இல்லையென்றால் ஆடியோ மார்கழியோ வரும்வரை பொறுங்கள்.

கல்யாண போட்டோகிராஃபரின் லென்ஸ் அடிபட்டிருக்கும், பொழுதுபோக்குக்கு வைத்திருந்தவரின் லென்ஸ் பத்திரமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு இது பாதிதான் உண்மை. தினமும் வெளியே வந்து வெளிச்சம் பார்க்கும் லென்ஸில் பெயின்ட் உதிர்ந்திருக்கும், கண்ணாடி சுத்தமாக இருக்கும். “சார், பீரோவுலயே பத்திரமா வெச்சிருந்தேன், வெளிய எடுத்ததே இல்ல” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் எனக்கு உடனே பூஞ்சை ஞாபகம்தான் வரும். துணிகளுக்கு நடுவே, தோல் உறைக்குள், இரண்டு மழைக்காலம்.

விலைக்கு ஒரு கணக்கு: அதே மாடல் புதிதாக இன்னும் கிடைக்கிறது என்றால், புது விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் பழையதை விட்டுவிடுங்கள். மிச்சப் பணத்தைப் போட்டால் வாரண்டியோடு புதிதே வந்துவிடும். புதிதாகக் கிடைக்காத மாடல் என்றால், ஒரு வாரம் விளம்பரங்களைப் பார்த்து அதே லென்ஸுக்கு ஐந்தாறு பேர் கேட்கும் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள 17-40க்கு இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டி நான் கொடுக்க மாட்டேன்.

விளம்பர விலையோடு செலவு முடிவதில்லை. ஹூட் (லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு) இல்லையென்றால் அதை வாங்க வேண்டும். 77 மி.மீ. ஃபில்டர்கள் வைத்திருப்பவர் 82க்குப் போனால் எல்லாவற்றையும் மறுபடி வாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் பெட்டி இல்லையென்றால் அதுவும் சேரும். இதையெல்லாம் கூட்டிக்கொண்டு பேரத்தில் உட்காருங்கள்.

5. கிளம்பும் முன் போனில் கேளுங்கள்

பில் இருக்கிறதா, யார் பெயரில்? எப்போதாவது திறந்து சர்வீஸ் செய்ததா? பூஞ்சை சுத்தம் செய்ததா? எங்கள் கேமராவில் மாட்டி அரை மணி நேரம் படம் எடுத்துப் பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு இழுத்தால் போகவே போகாதீர்கள்.

“நான் ஆர்மியில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகிவிட்டது, கூரியரில் அனுப்புகிறேன், பாதிப் பணம் முன்னால் போடுங்கள்” என்பது பழைய மோசடி, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸைக் கையில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

6. நேரில்: கையும் டார்ச்சும்

காலை நேரத்தில் போங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது. உங்கள் கேமரா, முழு சார்ஜ், காலி மெமரி கார்டு, முக்காலி, லேப்டாப், டார்ச், லென்ஸ் அளவுக்கு ஒரு ஃபில்டர், எல்லாம் பையில் இருக்கட்டும்.

முதலில் ஃபில்டரைத் திருகிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஏறினால் சரி. பாதியில் சிக்கினால் முன்வளையம் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. லென்ஸில் ஏற்கெனவே யூவி ஃபில்டர் இருந்து அதைக் கழற்ற விற்பவர் தயங்கினாலும் அதே சந்தேகம்தான்.

மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்) பக்கம் திருப்பி ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். வெள்ளி மாதிரிப் பளிச்சென்று தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது தவறில்லை, “திறக்கவே இல்லை” என்று சொன்னவரின் லென்ஸில் அப்படி இருந்தால்தான் தவறு.

ஜூம் ரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் இறுகி மறுபடி தளர்ந்தால் உள்ளே தேய்மானம். காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். ஐஎஸ் உள்ள லென்ஸில் மெல்லிய அசைவுச் சத்தம் சகஜம், உலோகம் உருளும் சத்தம் சகஜமில்லை.

அப்புறம் டார்ச். பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் பாய்ச்சி முன்பக்கமாகப் பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். கேனான் இஎஃப் லென்ஸ் கழற்றி வைத்திருக்கும்போது அபெர்ச்சர் முழுதாகத் திறந்தே இருக்கும், எளிது. நிக்கான் எஃப் மவுண்டில் மூடியிருக்கும், பின்னால் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும். நாலைந்து தூசிப் புள்ளிகள் இருந்தால் விடுங்கள், எந்த ஜூமிலும் அது இருக்கும். வேர் மாதிரி கிளை பிரிந்து ஓடும் நூலிழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் கொஞ்சம்தானே என்பார்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. கண்ணாடி முழுக்கப் பால் படர்ந்த மாதிரி மங்கல் இருந்தாலும் அதே பதில். பின்கண்ணாடியில் கீறல் என்றால் முன்கண்ணாடிக் கீறலைவிடப் பல மடங்கு யோசியுங்கள்.

இனி கேமராவில் மாட்டி, ஒரு வெள்ளைச் சுவரை ஏவி மோடில் (அபெர்ச்சரை நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்) எஃப்/4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுங்கள். ஐந்து படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். அபெர்ச்சரைச் சுருக்கச் சுருக்கப் படம் வெளிறினால் பிளேடுகள் சரியாக மூடவில்லை. இதை 16, 24, 35 மூன்றிலும் செய்யுங்கள். ஜூம்களில் உள்ளே மடங்கி மடங்கி விரியும் மெல்லிய கேபிள் அறுந்திருந்தால், சில இடங்களில் மட்டும் தகராறு வரும். எஃப்/4இல் நன்றாக ஓடி, சுருக்கியதும் கேனான் திரையில் எர்ர் 01 (Err 01) என்ற பிழை வந்தால் பெரும்பாலும் அதுதான். விற்பவர்கள் எஃப்/4இல் மட்டும் ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டு மூடி வைப்பார்கள், கவனம்.

7. நான்கு மூலைச் சோதனை

இதற்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் டீ வாங்கிக் கொடுத்தாவது உட்கார வையுங்கள்.

செங்கல் சுவரை எடுத்துப் பார்ப்பது எல்லோரும் சொல்லும் வழி. சுவருக்குக் கேமரா இம்மி பிசகாமல் நேராக நிற்க வேண்டும். 16 மி.மீ.யில் அது கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கம் மங்கும், நல்ல லென்ஸின் மேல் பழி விழும். அதைவிட எளிதான வழி இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போங்கள். இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி நுணுக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: செல்போன் டவர், எழுத்துகள் உள்ள கடைப் பலகை, ஜன்னல் கிரில். காலை எட்டு மணிக்குள் எடுங்கள். வெயில் ஏறிவிட்டால் தளத்திலிருந்து எழும் அனல் எல்லாவற்றையும் அலைய வைக்கும், எந்த லென்ஸும் மங்கலாகத்தான் தெரியும்.

முக்காலியில் கேமராவை வைத்து, 16 மி.மீ., எஃப்/4, லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கி அந்த டவரை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். உடனே மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடுங்கள், இனி ரிங்கைத் தொடக்கூடாது. நடுவில் ஒரு படம். பிறகு கேமராவைத் திருப்பி, அதே டவர் மேல் இடது மூலையில் விழும்படி ஒன்று, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. பொருள் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் கேமரா கோணம் மாறுவது கணக்கில் வராது. அதே ஐந்து படங்களை எஃப்/8இல் எடுங்கள். பிறகு 24இலும் 35இலும். 35இல் கோளாறு காட்டும் லென்ஸ்கள் 16இல் சாதுவாக இருப்பதுண்டு.

லேப்டாப்பில் நூறு சதவீதத்தில் திறந்து மூலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நடுவோடு ஒப்பிட வேண்டாம், வைட் ஜூமில் நடு எப்போதும் ஜெயிக்கும். எஃப்/4இல் நான்கு மூலையும் ஒரே அளவுக்கு சாஃப்ட் என்றால் அது அந்த மாடலின் குணம், கவலை இல்லை. மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் கரைந்திருந்தால், எஃப்/8இலும் அது தேறவில்லை என்றால், உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. எனக்கு வந்த ஒரு பீஸில் வலது பக்கப் பலகையின் எழுத்தை வாசிக்க முடிந்தது, இடது மேல் மூலையில் அதே எழுத்துகள் இரட்டைக் கோடாக இழுத்துக்கொண்டிருந்தன. வெளியே ஒரு சிராய்ப்புகூட இல்லை. விற்றவருக்கே காட்டியபோதுதான் அவருக்கும் தெரிந்தது. இதைச் சரிசெய்ய சர்வீஸ் சென்டரில் சீரமைப்பு வேலை உண்டு, ஆனால் செலவும் பலனும் முன்கூட்டிச் சொல்ல முடியாதவை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

8. பேப்பரும் பணமும்

லென்ஸில் உள்ள சீரியல் எண், பில்லில் உள்ள எண், பெட்டியில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாத லென்ஸ் எல்லாம் திருட்டு லென்ஸ் என்று சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்ததாக இருக்கலாம். அப்படியென்றால் இந்தியாவில் கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்காமல் விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஆனால் சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட அங்கே நிற்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் குற்றம், மூன்று ஆண்டுவரை சிறை.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: தேதி, மாடல், சீரியல் எண், தொகை, இருவர் பெயர், கையெழுத்து. அடையாள அட்டையின் நகலும் கேளுங்கள், நகலில் எண்ணை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை. “ஏழு நாளுக்குள் கோளாறு தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்” என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். தனிநபர்கள் பலர் சம்மதிக்க மாட்டார்கள், மூன்று நாளுக்காவது பேசிப் பாருங்கள். கடையில் வாங்கினால் இதை பில்லிலேயே எழுத வையுங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

பணத்தை வங்கி அல்லது யுபிஐ வழியே அனுப்புங்கள், ரொக்கம் வேண்டாம். ஆளுக்கு ஆள் யுபிஐ அனுப்ப நாளுக்கு ஒரு லட்சம்தான் பொதுவான வரம்பு, சில வங்கிகளில் இன்னும் குறைவு. கிளம்பும் முன்பே உங்கள் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் லென்ஸை நன்றாக ஓட்டுங்கள். இரவு, சூரியனுக்கு எதிரே, வீடியோ, தொடர்ந்து ஒரு மணி நேரம் ஆட்டோஃபோகஸ். மோட்டார் சூடானபிறகு கீச்சிடும் லென்ஸ்கள் உண்டு, நிக்கானின் பழைய 17-35 எஃப்/2.8 அதற்குப் பேர்போனது.

17-40 வாங்கினால் ஒரு ஃபில்டரை நிரந்தரமாகப் போட்டுவையுங்கள். முன்கண்ணாடி வளையத்துக்குள் முன்னும் பின்னும் நகர்வதால், ஃபில்டர் இருந்தால்தான் தூசித்தடுப்பு முழுமையாகும் என்று கேனானே சொல்கிறது. எந்த லென்ஸாக இருந்தாலும் காற்றுப்புகாத பெட்டியில், சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் போட்டு, ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் நடுவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்க வேண்டும், மழைக்காலத்தில் இது சீக்கிரமே வரும்.

காசு வாங்கிச் செய்யும் கல்யாணத்துக்கு இதை மட்டும் நம்பி முதல் வாரமே போகாதீர்கள். பழைய 24-70 பையிலேயே இருக்கட்டும்.